நான்கு விரல்

வாதி கபீர் சந்தையில்
மூன்று ரியால் சொன்னான், இரண்டரைக்குத் தந்தான்.
சங்கிலி துருவேறி
நெத்திலிக் கருவாடு மாதிரி விறைத்திருந்தது.

ஒரு பக்கம் கத்தரிப்பூ நிறம்.
மறுபக்கம் பலமுறை வெளுத்த துணி.
எத்தனையோ கோடை
ஏதோ ஒரு பால்கனியில்
ஒரே சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறது,
வெயிலுக்கு எப்போதும் இடது கன்னம்.

மலை சைக்கிள். தொண்ணூற்றிரண்டோ மூன்றோ.
ஸ்பிரிங் கிடையாது, டிஸ்க் கிடையாது.
இரும்பு, அவ்வளவுதான்.
டிக்கியில் ஏற்றும்போது டாக்ஸிக்காரர் கேட்டார்:
இதில் எந்த மலைக்கு?

பகலில் நான் பல் செய்கிறவள்.
ரூவியில், கிளினிக்கின் பின்னறையில்,
பார்த்தே இராத வாய்களுக்கு
அச்சைப் பார்த்துப் பல் கட்டுகிறவள்.
வியாழன் இரவு எல்லோரும் போன பிறகு
பல்செட் கழுவும் அதிர்வுத் தொட்டியில்
சங்கிலியை முக்கினேன்.
தண்ணீர் முதலில் டீ, பிறகு டிக்காஷன்,
பிறகு பெயர் வைக்க முடியாத ஒன்று.
தொட்டியை மூன்று முறை கழுவினேன்,
நான்காவது முறை மனசாட்சிக்காக.

பின்சக்கரத்தில் பதினெட்டுக் குண்டுகள்.
பதினேழு கிண்ணத்தில். ஒன்று
டெல்ஃபினின் கட்டிலுக்கடியில்.
நைட் டூட்டி முடிஞ்சு வந்திருக்கேன்டி என்று
கண்ணைத் திறக்காமலே
காலை மட்டும் தூக்கிக்கொண்டாள்.

கியர் தட்டும் நெம்பின் தொப்பி உடைந்திருந்தது.
இருபத்தாறு அங்குல டயர் கேட்டதற்கே
கடையில் சிரித்தார்கள், இதற்கு எங்கே போக.
மெழுகில் வடித்து
ஈறு நிற அக்ரிலிக் ஊற்றிப் பாலிஷ் போட்டேன்.
இப்போது கட்டைவிரல் படும் இடத்தில்
யாரோ லேசாய்ச் சிரிக்கிறார்கள்.

இருக்கைக் கம்பி மட்டும் அசையவில்லை.
ஒரு வாரம் எண்ணெய். வெந்நீர். ஐஸ்.
கீழ்க்கடை ஷாதாத் பைப் ரெஞ்சோடு வந்து
தன் முழு உடம்பையும் அதன் மேல் போட்டார்.
அலுமினியமும் இரும்பும் நிக்காஹ் முடித்துவிட்டன,
என்றார் அவருடைய இந்தியில்.
அறுக்கட்டுமா?

பிளேடு வைக்கக் குனிந்த இடத்தில்தான் பார்த்தேன்,
ஆணியால் இழுத்த ஒரு கோடு.
தன் உயரத்தை ஒருமுறை கண்டுபிடித்து
இனி தேட வேண்டாமென்று
யாரோ குறித்துவைத்தது.
என்னைவிட நான்கு விரல் கூட.

வேண்டாம் என்றேன்.
ஏனாம்?
பிளேடு சத்தம் ஆகாது என்றேன்,
நாளெல்லாம் டிரில்லோடு இருக்கிறவள்.

வெள்ளிக்கிழமை, காலை ஐந்தரை.
அல் அமராத் சாலைக்குப் பின்னால், வறண்ட வாதி.
கூழாங்கல், முள், ஆட்டுப்புழுக்கை,
ஒற்றைச் செருப்பு.
உட்கார்ந்தால் பெடலில் பெருவிரல்தான் எட்டுகிறது.
ஆகவே நின்றே மிதித்தேன்.
உட்காராதவளுக்கு இருக்கை எதற்கு என்று
யாரும் கேட்கவில்லை.
ஆடுகள் மட்டும் வழிவிடக் கொஞ்சம் யோசித்தன.

ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன்,
கூச்சமாக இல்லை.
இறக்கத்தில் பிரேக் போட்ட கூச்சல்
மலை வரை போய்த் திரும்பி வந்தது.
மூன்றாவது கியர் சொல்லாமல் இரண்டுக்குப் போய்
சொல்லாமல் திரும்பியது.

ஒரு கல்லில் ஏறி விழுந்த உதறலில்
தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன்.
கால்கள் காற்றில்.
அந்த ஆளின் உயரத்திலிருந்து ஒரு நொடி தெரிந்தது
மேட்டுக்கு அப்பால்
நான்கு விரல் அகலத்துக்கு ஊர்,
இன்னும் விளக்கணைக்காமல்.

பிறகு விழுந்தேன். முழங்கை.

ஞாயிறு, பிளாஸ்டரோடு வேலை.
மேசையில் ஒரு கீழ்த்தாடை அச்சு,
பெயர் இல்லை, எண் மட்டும்.
தேய்மானத்தைத் தடவிப் பார்த்தேன்.
எப்போதும் இடப்பக்கமே மெல்லுகிறவர்.